மூடிய கிணற்றுத் தண்ணீர்

இன்னும் பெயர் வைக்காத என் பிள்ளைக்கு,

எனக்குப் பத்தொன்பது வயது. உனக்கு நான் எழுதப் போவது வயது போவதைப் பற்றி. வெளியில் சொன்னால் அயலில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆகவே நான் எழுதுவது உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். நீ இப்போது என் வயிற்றுக்குள் இருக்கிறாய். கொஞ்ச நாளாக நன்றாக அசைகிறாய். ஆனால் இதை நான் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எழுதவில்லை. நீ வளர்ந்து, உன் கலியாணப் பேச்சோடு யாராவது வாசலில் வந்து நிற்கும் நாளில் உன் கையில் தருவதற்காக எழுதுகிறேன். அப்போது நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். எனக்குக் கதைக்க வராது பிள்ளை. ஆட்கள் வந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது என் குரல் எப்படியிருக்கும் என்று அந்த வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. எழுத்தில் மட்டும் எனக்கு வெட்கம் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. நீ அந்த வயதுக்கு வரும்போது நான் எப்படியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நாற்பது தாண்ட முன்பே கிழவியாகியிருக்கலாம். கடதாசியைப் பிடிக்க ஏலாமல் கை நடுங்கலாம். சொல்ல வந்ததை மறந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கலாம். இவை எல்லாவற்றையும் நான் எங்கள் வீட்டில் கண்டிருக்கிறேன். கை உறுதியாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நீ பிறக்கப் போவது இந்தச் சீமெந்து வீட்டில். நான் பிறந்தது இங்கே இல்லை. இரண்டு தோட்டம் தள்ளி, பனங்கூடல் ஓரமாக இருக்கும் பழைய ஓட்டு வீட்டில். அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. அம்மாவைப் பெற்றவருக்கும் அது சீதனமாகத்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் கிணறும் பெண்ணோடு போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். இது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எங்களை ஏமாற்றியது இந்த வழக்கம்தான். தாய் இருந்த வீட்டிலேயே மகளும் இருந்து, தாய்க்கு வந்த குறை மகளுக்கும் வந்தால், குறை வீட்டில் இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அம்மாவைப் பெற்றவருக்கு அம்மா ஒரே பிள்ளை. அவர் இளம் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஊருக்கு அது போதுமாயிருந்தது. பழைய வளவில் ஒரு கிணறு. எங்கள் வேலணைத் தீவில் பாதிக் கிணறுகள் உவர். எங்களுடையது நல்ல தண்ணீர். அந்தக் கிணற்றை வெட்டிய காலத்தில் அலவாங்கின் கூர் பட்டு ஒரு நாகம் செத்தது என்று ஒரு கதை இருந்தது. செத்ததைக் கண்டவர் எவரும் உயிரோடு இல்லை. கதை மட்டும் நல்ல உயிரோடு இருந்தது.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மாதவிலக்கு நின்றது. அம்மாவுக்கு அப்போது முப்பது கூட ஆகவில்லை. அந்த வயதில் அது நின்றால் எந்தப் பெண் நோய் என்று நினைப்பாள்? அம்மா சந்தோசப்பட்டார். என் அப்பா தெற்கே ஒரு சுருட்டுக் கடையில் வேலை செய்தவர். வருடத்துக்கு இரண்டு தரம் வருவார். அந்த முறை திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குச் செய்தி போனது. வீட்டுக்கு மாங்காய் வந்தது. பக்கத்து வளவுப் பூமணி மாமி ஒவ்வொரு நாளும் வந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மாவுக்கு இருந்தாற்போல முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டும். "பெட்டை எண்டால் முகம் வெளிறுமடி. உனக்கெண்டால் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவக்குது. பெடியன்தான், பார்" என்பார் மாமி. மாதங்கள் போயின. வயிறு வரவில்லை. அம்மா சீலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் நம்பினார். பிறகு ஒரு காலையில், மிச்சமிருந்த மாங்காய்களைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார். பூமணி மாமி படலையில் நின்று, "என்னடி, வயித்திலை இருந்த பெடியன் தேப்பனோடை கடைக்குப் போயிட்டானோ?" என்று கேட்டார். அம்மா சிரித்தார். நான் பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். நீ மகளாக இருந்து உனக்கும் ஒரு நாள் அப்படி நின்றால், மாங்காய்க்குச் சொல்லிவிடுவதற்கு முன்னால் ஒரு டொக்டரிடம் போ. அயலில் எவராவது பகிடி விட்டால் சிரித்துக் கொடுக்காதே. அம்மா அன்றைக்குச் சிரித்தபடியால்தான் அந்தப் பகிடி இன்றைக்கும் ஊரில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அம்மா மற்றப் பெண்களை விட வேகமாக வயது போனார். அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "உடம்பு எரியுது" என்று விடிய முன் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார். அடுப்படியில் நின்றவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டு, சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு வந்து நின்று, தலையைக் குனிந்து, விசிறியால் பிடரிக்கு விசிறுவார். முகத்துக்கு விசிறமாட்டார்; பிடரிக்குத்தான். இதை நீ நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். ஒரு நாள் மாட்டுக் கயிறு தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். பெரிய விழுகை இல்லை, ஆனால் மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறிவுக்குப் பத்துப் போட வந்த பரியாரியார் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உனக்கு என்ன வயசு?" என்று கேட்டார். அம்மா சொன்னார். "அறுவது வயசு மனிசியின்ரை எலும்பெல்லோ இது" என்றார் அவர். அடுத்த வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போய் அம்மனுக்கு வெள்ளியில் நாகம் செய்து சாத்தினார். அங்கிருந்து வரும் வழியில் ஒரு சாத்திரியாரைக் கண்டார். அவர் கிணற்றை மூடச் சொன்னார்.

எனக்குப் பதினொரு வயது அப்போது. கிணற்று வாயில் பனங்குற்றிகளை அடுக்கி, மேலே தகரம் போட்டு, தகரத்துக்கு மேல் கல் வைத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் குடிதண்ணீருக்குத் தூரத்தில் இருக்கும் சாட்டிப் பக்கம் குடம் கொண்டு போனோம். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன வருடங்கள் வந்தன. என் அப்பாவின் சம்பாத்தியமும் சேர்ந்து, அம்மா இந்த வீட்டைக் கட்டினார். எல்லாம் புதிது: புது நிலம், புது ஓடு, புது அலுமாரி. பழைய வீட்டிலிருந்து ஒரு சட்டி கூட வரக்கூடாது என்றார். மேசனிடம் சொல்லி இரண்டு அறையிலும் விறாந்தையிலும் தொட்டில் கட்ட இரும்புக் கொளுக்கிகள் வைப்பித்தார். "உவ்வளவு கொளுக்கி என்னத்துக்கு அக்கா, மீன் காய விடவோ?" என்று மேசன் கேட்டார். "என்ரை பேரப்பிள்ளையளுக்கு" என்றார் அம்மா. நான் அப்போது பெரிய பிள்ளையாகிக் கொஞ்ச நாள்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கொளுக்கிகள் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

பழைய வீட்டிலிருந்து நாங்கள் கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான். அது அப்பு, அம்மாவின் தகப்பன். அவருடைய கதையையும் சொல்ல வேண்டும். முதல் மனைவி, அதாவது அம்மாவைப் பெற்றவர், போன பிறகு அப்பு சின்னப்பிள்ளையான அம்மாவைத் தாயின் ஆட்களிடம் விட்டுவிட்டு, நெடுந்தீவில் இரண்டாவது கலியாணம் செய்து, வழக்கப்படி அந்த மனைவியின் வீட்டில் போய் இருந்தார். அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பேற்றோடு தாய் இறந்துவிட்டார். பிள்ளையைத் தாயின் ஆட்கள் வைத்துக்கொண்டு, தகப்பனை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அப்பு வேலணைக்கு வந்து அம்மாவோடு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டார். நெடுந்தீவில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் என் சின்னம்மா. இரண்டு பக்கமும் கோபம், போக்குவரத்து இல்லை. அம்மாவும் சின்னம்மாவும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை.

அப்பு புகையிலைத் தோட்டம் செய்தவர். நல்ல திடமான மனிதர். அறுபதைத் தாண்டிய பிறகு முதலில் நாங்கள் கண்டது திருநீற்றில். காலையில் பூசும்போது நெற்றியில் படாமல் புருவத்திலும் கன்னத்திலும் கொட்டும். கை சும்மா இருக்கும்போது நடுங்காது. ஒன்றைப் பிடிக்கப் போகும்போது நடுங்கும். தேத்தண்ணி வாய்க்கு வரும்போது பாதிதான் கோப்பையில் இருக்கும். பிறகு நடை. கால்களை அகட்டி வைத்து, தண்ணீருக்குள் நடப்பவர் போல நடப்பார். தோட்ட வரம்பில் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். "கள்ளுக் குடிச்சிட்டியளோணை?" என்று வழியில் கேட்டார்கள்; அவர் வாழ்நாளில் கள்ளைத் தொட்டவர் இல்லை. அவரைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்கு அதில் பெரிய கவலை இருக்கவில்லை. வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்வதை விட அப்புவின் கையைப் பிடித்து விறாந்தைக்குக் கூட்டிப் போவது எனக்குச் சுகமாக இருந்தது. அப்புவின் நடுக்கத்தையும் அம்மாவின் எரிவையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் ஆண், கிழவர். இவர் பெண், இளம் ஆள். அவை இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன, அவ்வளவுதான்.

எனக்குப் பதினெட்டு முடியும் முன்பே அம்மா மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். "பிந்தினால் பிந்தினதுதான்" என்பார். எதற்குப் பிந்தும் என்று சொல்லமாட்டார். உன் அப்பாவின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பாவின் தகப்பனார் நேராகவே கேட்டார். "உங்களுக்கு ஒரு பிள்ளையோடை நிண்டிருக்கு. உங்கடை தாய்க்கும் அப்பிடியாம். என்ன மாதிரி?"

"அது அந்தக் கிணத்தாலை வந்தது" என்றார் அம்மா. "கிணத்தை மூடியாச்சு. வீடும் மாறியாச்சு. இவள் சாட்டித் தண்ணி குடிச்சு வளந்த பிள்ளை."

அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கிணற்றுக் குற்றம் எல்லோருக்கும் விளங்கும் குற்றம். புது வீடு என் சீதனமாக எழுதப்பட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பற்றி நடந்த கதையில் நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. உன்னைப் பற்றிக் கதை நடக்கும்போது நீ அப்படி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம் கலியாணத்துக்கு முதல் உன் கைக்கு வர வேண்டும் என்கிறேன். பிறகு வந்து பிரயோசனமில்லை.

நீ உண்டாகி ஐந்தாம் மாதத்தில் அப்பு ஒரு ஆசையைச் சொன்னார். கால் முழுதாக விழுந்துவிட முன்பு நெடுந்தீவுப் பிள்ளையை ஒரு தரம் பார்க்க வேண்டும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் அப்பாதான், "கிழவர் கேக்கிறார், கொண்டு போய்க் காட்டிப்போட்டு வருவம்" என்றார். புங்குடுதீவில் இருந்து மோட்டார் வள்ளத்தில் போனோம். கடல் கொஞ்சம் அடித்தது. அப்புவை உன் அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பக்கத்தில் இருந்த ஒருவர், "கிழவரைக் கடல் ஆட்டுதோ, கிழவர் கடலை ஆட்டுறாரோ?" என்று கேட்டார். வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புவும் சிரித்தார். சிரிக்கும்போதும் அவர் தன் கைகளைச் சால்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

சின்னம்மாவின் வீடு கல்வேலிக்குள் இருந்தது. காற்று அடிக்கிற வெளி. கடலில் இருந்து வருகிற காற்று நேரே வாசலுக்கு வருகிறது. நாங்கள் படலையைத் திறக்கும்போது ஒரு பெண் வாசல் சீமெந்தில் வெறுங்காலோடு நின்றார். எங்களைக் காணவில்லை. தலையைக் குனிந்து, பனையோலை விசிறியால் பிடரிக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நான் படலையைப் பிடித்தபடி பார்த்தேன். முகம் அம்மாவின் முகம் இல்லை. உயரம், நிறம், எதுவும் அம்மா இல்லை. ஆனால் அந்த நிற்பு அம்மாவுடையது. அவ்வளவு காற்றுக்குள் நின்று விசிறுகிற பெண்ணை நான் அதற்கு முன் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன்.

சின்னம்மா தகப்பனைக் கண்டு அழவில்லை, கோபப்படவும் இல்லை. "வாருங்கோ, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். அவருடைய மகன் ராசன் உள்ளே இருந்து வந்தான். பத்து வயதுப் பிள்ளை. நீண்ட முகம், பெரிய காதுகள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "ஆர் வந்தது? ஆர் வந்தது?" என்று கேட்டான். உன் அப்பா தன் பெயரைச் சொன்னார். "பெயரென்ன? பெயரென்ன?" என்று அதையும் கேட்டான். சந்தோசம் வந்தால் கைகளை உதறினான். கொஞ்சம் கூடினால் தன் கையையே கடித்தான். கடித்த இடம் காய்த்துப் போயிருந்தது. "பள்ளிக்கூடத்திலை வேண்டாமெண்டிட்டினம்" என்றார் சின்னம்மா. "நல்ல பிள்ளை. ஒருதருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. கதைதான் ஒண்டையே சுத்திச் சுத்தி வரும்."

அன்றைக்கு நான் என் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். குசினிக்குள் சின்னம்மா தேத்தண்ணி போடும்போது பின்னால் போய் நின்று நானாக ஒரு கேள்வி கேட்டேன். "சின்னம்மா, உங்களுக்கு உடம்பு எரியுறது எப்ப துடங்கினது?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முதலில் என் முகத்தை, பிறகு என் வயிற்றை. "ராசனுக்குப் பிறகு ரண்டு மூண்டு வருசத்திலை நிண்டிட்டுது பிள்ளை. முப்பது ஆகேல்லை. நான் பிள்ளை தங்கினது எண்டெல்லோ நினைச்சனான். சட்டை கூடத் தைச்சு வைச்சிருந்தனான்." கேத்தலை இறக்கினார். "ஏன் கேக்கிறாய்?"

"அம்மாவுக்கும் உப்பிடித்தான்."

"கொம்மாவுக்குக் கிணறு எண்டு கேள்விப்பட்டனான்."

"உங்களுக்கு?"

"எனக்கு?" சின்னம்மா சிரித்தார். "நான் பிறந்த உடனை தாயைத் திண்டவள். இஞ்சத்தை ஆக்கள் அதைத்தான் சொல்லுகினம். அந்தப் பழி எண்டு. எனக்குக் கிணறு தேவையில்லை. நான் உங்கடை வேலணையிலை கால் வைச்சதே இல்லை."

அதைக் கேட்டபோது நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வேறு தீவு, வேறு வீடு, வேறு கிணறு. பெற்ற தாயும் வேறு. ஒவ்வொரு தீவும் தனக்கென்று ஒரு பழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. இரண்டு பெண்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. அது வாசலில் கதிரையில் இருந்தது. நாங்கள் சட்டி பானையை எல்லாம் விட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கவனமாகப் புது வீட்டுக்குக் கூட்டி வந்தது அதைத்தான்.

நான் தேத்தண்ணியைக் கொண்டு வெளியே வந்தேன். ராசன் அப்புவின் காலடியில் இருந்து, நடுங்குகிற கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, நடுக்கம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சின்னம்மா மறுபடியும் வாசலில் நின்று விசிறத் தொடங்கினார். அப்பு அவரைக் கனநேரம் பார்த்தார். அவருடைய சொல் அப்போதே குழறத் தொடங்கியிருந்தது, ஆனால் இதைத் தெளிவாகச் சொன்னார். "என்னைப் பெத்த ஆத்தையும் உப்பிடித்தான் விசிறினவ. பிடரிக்கு. நான் ஒருத்தன்தான் அவவுக்கு."

சின்னம்மா விசிறியைக் கீழே விட்டார். "அப்ப உங்களாலையோ ஐயா எங்களுக்கு வந்தது?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்பு கையை ராசனிடம் இருந்து மெல்ல இழுத்துச் சால்வைக்குள் வைத்தார். சால்வை நடுங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து கதைத்து அவர் கேட்டதில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கடல். வேலணை வரும்போது, "போன வருசம் கட்டையாய்ப் போன மிளகாய்ப் பாத்தி தெரியுமெல்லோ. நிலம் சரியில்லை எண்டு வேறை தோட்டத்திலை வைச்சனான். அங்கையும் கட்டை. விதை அதுதானே" என்றார். அன்றைக்கும் மறுநாளும் தோட்டத்திலேயே நின்றார். சாப்பாடு கொண்டு போனால் வாங்கி வைத்தார். பிறகு ஒரு பின்னேரம் வந்து என் பக்கத்தில் இருந்து, "நீர் சொன்னது நல்லது" என்றார்.

"கலியாணத்துக்கு முதல் ஆரும் சொல்லியிருந்தால், என்னைக் கட்டியிருப்பியளோ?"

அவர் யோசித்தார். "தெரியாது" என்றார்.

உன் அப்பா பொய் சொல்லாத மனிதர். அந்தத் "தெரியாது" இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சில நேரம் சோறு போடும்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதுவும் இருக்கிறது. நீ யாரையாவது விரும்பினால், அல்லது யாரையாவது உனக்குப் பேசினால், இந்தக் கதையை அவர்களுக்கு முதலே சொல்லிவிடு. போகிறவர்கள் போகட்டும். தெரிந்துகொண்டு நிற்பவரோடுதான் நீ இருக்க வேண்டும்.

எனக்குத் தெரியாதவை கனக்க. அப்புவின் நடுக்கமும் பெண்களின் எரிவும் ராசனின் கதையும் ஒரே விதையில் இருந்து வந்தனவா, அல்லது ஒரு வீட்டில் தற்செயலாகக் கூடியவையா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கிற நேர்ஸ் மிஸ்ஸிடம் துணிந்து கேட்டேன். "கிழவருக்கு வயசு, கொம்மாவுக்குப் பலவீனம், அந்தப் பெடியனுக்கு மூளை. எல்லாத்தையும் ஒண்டாய்க் கட்டாதையும் பிள்ளை" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். உன் காலத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கலாம். இரத்தத்தில் பார்த்தே சொல்லக் கூடியதாகவும் இருக்கலாம். இருந்தால் போய்க் கேள், வெட்கப்படாதே. ஒரே காயில் எடுத்த விதையில் ஒன்று நன்றாக வளர்கிறது, ஒன்று கட்டையாகப் போகிறது. நான் எந்த விதை என்று எனக்குத் தெரியாது. நீ எது என்றும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் எனக்கு வந்துகொண்டிருந்ததை நான் எண்ணியது கூட இல்லை. நீ பிறந்த பிறகு எண்ணுவேன். முகம் கொஞ்சம் சுட்டாலே வெய்யிலா, அதுவா என்று யோசிப்பேன். நீ மகனாக இருந்து, பேச்சுப் பிந்தினால், சொன்னதையே சொன்னால், நான் உன்னை அறைக்குள் ஒளிக்கமாட்டேன். நெடுந்தீவில் ராசனை ஒளிக்காமல் வைத்திருக்கிற ஒரு பெண்ணை நான் கண்டேன். நீ நல்லபடி வளர்ந்து, கிழவனாகி, ஒரு நாள் கோப்பை கையில் நடுங்கினால், கையைச் சால்வைக்குள் வைக்காதே. உன் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தக் கையைக் காட்டு.

இனி மிச்சத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தப் புது வீடும் கொளுக்கிகளும் இல்லையென்றால் அம்மாவிடம் ஒன்றுமில்லை. ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் முறிந்து ஒட்டிய அந்தக் கையால் சாட்டியில் இருந்து குடம் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தூக்க விடவில்லை. "நீ அந்தப் பழைய பக்கம் போகாதை, வயித்துப்பிள்ளையோடை" என்பார். நல்ல தண்ணீர் இரண்டு தோட்டத்துக்கு அப்பால் கிடந்தது.

ஒரு காலையில் உன் அப்பாவைக் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். கல்லைத் தள்ளி, தகரத்தை இழுத்து, பனங்குற்றிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். உக்கிப்போன இரண்டு உள்ளே விழுந்தன. சத்தம் கேட்டுப் பூமணி மாமி வேலிக்கு வந்தார். அம்மாவுக்குச் செய்தி போக அது போதும். உன் அப்பா தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். முதலில் கறுப்பாக வந்தது, பிறகு கலங்கலாக, கனநேரத்துக்குப் பிறகு தெளிவாக. அம்மா ஓடி வந்தபோது செம்பு என் கையில் இருந்தது.

"அதை வாயிலை வைக்காதை" என்றார் அம்மா. மூச்சு வாங்கியது. முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. "பிள்ளை, உன்னைக் கும்பிடுறன். வைக்காதை."

நான் குடித்தேன். அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். "நல்ல தண்ணி அம்மா" என்றேன். "நெடுந்தீவுச் சின்னம்மாவுக்கும் முப்பதுக்கு முன்னம் நிண்டிட்டுதாம். அவ இந்தத் தண்ணியைக் கண்டதே இல்லை."

அம்மா எதுவும் விளங்காதவர் போல நின்றார். பிறகு கிணற்றுக் கட்டின் மேல் குந்தினார். கிணற்றுக்குள் பார்த்தார். பிறகு புது வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே விறாந்தையில் அப்புவைக் கதிரையில் இருத்திவிட்டு வந்திருந்தோம். அவ்வளவு தூரத்துக்கு ஆள் தெரியாது. ஆனால் அம்மா கனநேரம் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் இது நல்ல தண்ணியோ?"

"ஓம் அம்மா."

செம்பை வாங்கி அம்மாவும் குடித்தார். மீதியைப் பிடரியில் ஊற்றிக்கொண்டார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். அப்படி அம்மா என்னைப் பார்த்ததில்லை. என்னிடம் இல்லை, உன்னிடம் ஏதோ கேட்பது போல இருந்தது.

இப்போது அயலார் எல்லோரும் அந்தக் கிணற்றில்தான் அள்ளுகிறார்கள். முதல் ஆளாகக் குடத்தோடு வந்தது பூமணி மாமிதான். "என்னடி, அப்ப அந்தப் பழி போயிட்டுதோ?" என்று கேட்டார். அம்மா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "கிணத்திலை இல்லை" என்றார். மாமி வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

விறாந்தையில் ஒரு கொளுக்கியில் அம்மா உனக்குச் சீலைத் தொட்டில் கட்டியிருக்கிறார். மற்றக் கொளுக்கிகள் சும்மா இருக்கின்றன. அவற்றைக் கழற்றச் சொல்லவும் இல்லை, அவற்றைப் பற்றிக் கதைப்பதும் இல்லை. அப்பு அந்தத் தொட்டிலுக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். சில நேரம் தொட்டிலை ஆட்டிப் பார்க்கக் கை நீட்டுகிறார். அவர் பிடிக்க முன்பே, அந்தக் கையின் நடுக்கம் பட்டுத் தொட்டில் ஆடத் தொடங்கிவிடுகிறது.

இன்னும் உன் முகத்தைக் காணாத,
உன் அம்மா